போட்டோ எடிட்டிங் மென்பொருளில் குறையா? கம்பெனி கவனிக்கும்படி எழுதுவது எப்படி

"அப்டேட்டுக்கு அப்புறம் எதுவுமே சரியில்லை, சீக்கிரம் சரிசெய்யுங்கள்" என்று எழுதினால், அதைப் படிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் செய்ய முடிவது ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் எழுதுவதை முதலில் படிப்பவர் பெரும்பாலும் நிரல் எழுதும் எஞ்சினியர் அல்ல. வந்து குவிவதைத் தரம் பிரித்து அனுப்புபவர் ஒருவர் இருப்பார். அவர் ஒவ்வொன்றிலும் தேடுவது ஒன்றுதான்: இதே கோளாறை என் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க முடியுமா? முடிந்தால் அது எஞ்சினியரின் மேசைக்குப் போகும். முடியாவிட்டால் "கூடுதல் தகவல் தேவை" என்ற பெட்டியில் விழுந்து, சில வாரங்களில் தானாக மூடப்படும்.

எழுத உட்காரும் முன் உங்கள் மனக்குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் முறிகிறதா (திடீரென நின்று மூடிக்கொள்கிறதா), தப்பான விடை தருகிறதா? அது கோளாறு. இல்லாத வசதி ஒன்று வேண்டுமா? அது வேண்டுகோள். இருந்த ஒன்றை மாற்றிவிட்டார்களா? அது வடிவமைப்பு மீதான எதிர்ப்பு. பணம், சந்தா, கணக்கு பற்றியதா? அதற்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு தனியே இருக்கிறது. இந்த நான்கும் நான்கு வேறு ஆட்களிடம் போகின்றன. ஒரே கடிதத்தில் பிரஷ் திணறலையும் சந்தாக் கட்டண உயர்வையும் சேர்த்து எழுதினால் இரண்டுமே யாருக்கும் சேராது. ஒரு புகாருக்கு ஒரு விஷயம் மட்டும்.

முதலில் உங்கள் பக்கம் சரிபாருங்கள்

கோளாறு என்று வருபவற்றில் கணிசமானவை கோளாறே அல்ல. அடிக்கடி வருபவை மூன்று.

ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிந்த மூலக் கோப்பை, திறந்ததும் படம் பளிச்சென்று இருந்து, ஓரிரு நொடியில் மங்கிப்போவது. முதலில் தெரிவது கேமரா அந்தக் கோப்புக்குள் பொதிந்து வைத்த சிறு ஜேபெக் முன்னோட்டம். பிறகு தெரிவது மென்பொருள் ரா தரவிலிருந்து தானே உருவாக்கிய படம். அடோபி நிறுவனத்தின் எடிட்டரான லைட்ரூமில் இது பிடிக்கவில்லை என்றால் ப்ரொஃபைல் (படத்தின் அடிப்படை வண்ணப் பாணி) பட்டியலில் கேமரா மேட்சிங் பிரிவுக்குப் போய் கேமராவின் பாணிக்கு நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த படம் போனில் வெளிறித் தெரிவது. அடோபி ஆர்ஜிபி அல்லது ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி வண்ணவெளியில் (படம் காட்டக்கூடிய வண்ணங்களின் வரம்பு) எக்ஸ்போர்ட் செய்து, வண்ணப் ப்ரொஃபைலைக் (அது எந்த வண்ணவெளி என்று கோப்பில் உள்ள குறிப்பு) கண்டுகொள்ளாத ஓர் ஆப்பில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் புகாருக்கு இடமில்லை.

புதிதாக வாங்கிய கேமராவின் ரா கோப்பு திறக்கவே மறுப்பது. ஒவ்வொரு புதிய கேமரா மாடலுக்கும் மென்பொருளில் தனியாக ஆதரவு சேர்க்க வேண்டும். பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டியவர்கள் அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டரின் புதிய பதிப்பில் கோப்பை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

இவை இல்லையென்றால் இரண்டு சோதனைகள் கட்டாயம். ஒன்று, ஜிபியு எனும் கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியை அணைத்துப் பார்ப்பது. ஃபோட்டோஷாப்பில் ப்ரிஃபரன்சஸ் போய், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் ப்ராசசர் என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறக்கவும். இலவச ரா எடிட்டரான டார்க்டேபிளில் இதற்கு ஈடானது ப்ராசசிங் அமைப்பில் உள்ள ஓபன்சிஎல். அணைத்ததும் கோளாறு மறைந்தால் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) மீது திரும்புகிறது. டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், புகாரில் அது கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, அமைப்புகளைப் புதிதாக்குவது. ஃபோட்டோஷாப்பைத் துவக்கிய அதே கணத்தில் விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அமைப்புக் கோப்பை நீக்கவா என்று கேட்கும். லைட்ரூம் கிளாசிக்கில் ஆல்ட், ஷிஃப்ட். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட். ஃபோட்டோஷாப்பில் இதைச் செய்யும் முன் நீங்களே உருவாக்கிய பிரஷ்களையும் ஆக்‌ஷன்களையும் தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். சேமிக்காதவை போய்விடலாம், போனால் திரும்பி வராது.

இந்த இரண்டையும் செய்து, "செய்து பார்த்தேன், பலனில்லை" என்று எழுதினாலே ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். ஆதரவுப் பிரிவு முதல் பதிலில் கேட்கப்போவது இதைத்தான்.

புகாரின் உடல்

தலைப்பில் கோளாறு நடக்கும் இடம், நடப்பது, பதிப்பு மூன்றும் வரட்டும். "பிரஷ் ரொம்ப ஸ்லோ" என்பதை வைத்து யாரும் எதையும் தேட முடியாது. இதையே புகாருக்குள் இப்படி விரித்து எழுதலாம்:

"6000 × 4000 பிக்சல், 16 பிட், 12 லேயர் உள்ள கோப்பில் 500 பிக்சல் மென்மையான பிரஷால் லேயர் மாஸ்க்கில் வரைந்தால், கோடு பேனாவுக்குப் பின்னால் 2 நொடி தாமதமாக வருகிறது. நேரடியாக லேயரில் வரைந்தால் தாமதம் இல்லை. கோப்பை 3000 × 2000 ஆகச் சுருக்கினால் தாமதம் இல்லை. ஜிபியுவை அணைத்தாலும் தாமதம் இல்லை. பத்து முறை செய்தால் பத்து முறையும் நடக்கிறது. போன பதிப்பில் இது இல்லை."

இதில் ஒவ்வொரு "இல்லை"யும் எஞ்சினியருக்கு ஒரு கதவை மூடுகிறது. பிரஷ்ஷில் பழுதில்லை, மாஸ்க்கில் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) இருக்கிறது. கோப்பின் அளவைப் பொறுத்தது. ஜிபியு வழியில் மட்டும் வருகிறது. படிக்கும்போதே தேட வேண்டிய இடம் நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. எங்கே நடக்கிறது என்பதைப் பலரும் எழுதிவிடுகிறார்கள். எங்கே நடக்கவில்லை என்பதைச் சோதித்து எழுதுபவர்கள் மிகக் குறைவு, பயன் அதில்தான் அதிகம்.

படிகளை எண்ணிட்டு எழுதுங்கள், மென்பொருளைத் திறப்பதிலிருந்து. அடுத்து "நான் எதிர்பார்த்தது" ஒரு வரி, "நடந்தது" ஒரு வரி. எதிர்பார்த்ததை எழுதுவது வீண் என்று தோன்றும். உங்களுக்குக் கோளாறாகத் தெரிவது அவர்களுக்கு வழக்கமான நடத்தையாகத் தெரியலாம் என்பதால் அந்த வரி இல்லாமல் சரிவராது.

கம்ப்யூட்டர் விவரத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஃபோட்டோஷாப்பிலும் லைட்ரூம் கிளாசிக்கிலும் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோ என்று இருக்கிறது, காப்பி பொத்தானை அழுத்தி அப்படியே ஒட்டலாம். பொதுவெளியில் ஒட்டும் முன் ஒருமுறை படித்து, கோப்புறைப் பாதைகளில் உங்கள் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். இலவச எடிட்டரான கிம்ப், 2.10 பதிப்பு முதல், முறியும்போது ஒரு சாளரம் தோன்றி விவரங்களை நகலெடுக்கவும் புகார்ப் பக்கத்தைத் திறக்கவும் பொத்தான் தருகிறது. எரிச்சலில் அதை மூடிவிடாதீர்கள், நிரலின் எந்த வரியில் முறிந்தது என்ற தடயம் அதற்குள்தான் இருக்கிறது.

"எந்தப் பதிப்பிலிருந்து" என்ற தகவலுக்குத் தனி மதிப்பு. அடோபி மென்பொருள்களை நிறுவும் கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பில் மூன்று புள்ளி மெனுவுக்குள் பழைய பதிப்புகளை நிறுவும் வழி இருக்கிறது. முந்தைய பதிப்பை நிறுவி, அதில் கோளாறு இல்லை என்று உறுதியானால், பழுது அந்த இரண்டு பதிப்புகளுக்கு இடையே செய்த மாற்றங்களில் ஒன்று. நிரல் எல்லோர் பார்வைக்கும் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளில் இது இன்னும் கூர்மையானது: 1000 மாற்றங்கள் இருந்தாலும் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்தால் 10 முறைக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஆனால் கவனம்: புதிய பதிப்பு மேம்படுத்திவிட்ட கேட்டலாக்கையோ டேட்டாபேஸையோ (உங்கள் படங்களின் பட்டியலும் எடிட்டுகளும் உள்ள கோப்பு) பழைய பதிப்பு திறக்காது. லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் அதன் நகலை வேறிடத்தில் வைத்த பிறகே பின்னோக்கிப் போகலாம்.

மாதிரிப் படம்

வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தை அனுப்பாதீர்கள். படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து, புதிதாகச் சுருக்கி, கூடவந்த தரவையும் களைந்துவிடுகிறது. கோளாறின் காரணமே அதோடு போய்விடலாம். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு வேண்டும். அதோடு எடிட் விவரம் உள்ள எக்ஸ்எம்பி கோப்பும் வேண்டும். டார்க்டேபிள் இதைத் தானாகவே எழுதி வைக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் படத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், எஸ் அழுத்தினால் ரா கோப்புக்குப் பக்கத்தில் எழுதும்.

படத்துக்குள் இடக்குறிப்பு இருக்கும். உங்கள் வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் வீட்டு முகவரியையே அனுப்புவதற்குச் சமம். எக்சிஃப்டூல் போன்ற கருவியால் இடக்குறிப்பை மட்டும் நீக்குங்கள். எல்லா மெட்டாடேட்டாவையும் (படத்தோடு சேர்ந்து வரும் தரவு) ஒரேயடியாகத் துடைத்தால் ஜேபெக்கில் வண்ணப் ப்ரொஃபைலும் படம் நிற்கும் திசைக் குறிப்பும் சேர்ந்து போகும். வண்ணம் மாறுகிறது, படம் திரும்புகிறது என்ற புகாருக்கு அவைதான் சாட்சி. திருமண ஆல்பம் போன்ற வாடிக்கையாளர் படங்களை அனுப்பவே கூடாது. மேசை, செடி, சுவர் எதையாவது எடுத்து அதே கோளாறை வரவழையுங்கள். வரவில்லையென்றால் அதுவும் எழுத வேண்டிய தகவலே.

தமிழ் எழுத்து உடைந்தால்

இந்தப் பகுதியைத் தமிழர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. வாழ்த்து அட்டை, ஃபிளெக்ஸ், யூடியூப் முகப்புப் படம் என்று தினமும் தமிழை எடிட்டரில் அடிப்பவர்கள் ஏராளம். "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்பது, "ஸ்ரீ" சேராமல் பிரிந்து நிற்பது எல்லாம் பழகிப்போய், படமாக ஒட்டிச் சமாளித்துவிடுகிறார்கள். சமாளித்துவிட்டால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

முதலில் அது யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியாக்கம்) எழுத்துதானா என்று பாருங்கள். எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால், அது பாமினி போன்ற பழைய குறியாக்க ஃபான்ட். அதில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

யூனிகோட்தான் என்றால், ஃபோட்டோஷாப்பில் எழுத்து எஞ்சினைப் பாருங்கள். பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதியில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்ற பெயரில் இருந்தது. பிறகு வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று பெயர் மாறி, பாராகிராஃப் பேனல் மெனுவிலும் கிடைக்கிறது. இதை இயக்கியதும் பெரும்பாலான உடைசல் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், அதே ஃபான்ட்டில் அதே சொற்களை கிம்ப்பில் அடித்துப் பாருங்கள். கிம்ப் எழுத்தைக் கோப்பது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பின் மூலம், அது தமிழை நன்றாகவே கையாளும். அங்கும் உடைந்தால் ஃபான்ட் மீது சந்தேகம். அங்கே சரியாக வந்து உங்கள் ஆப்பில் மட்டும் உடைந்தால் புகார் உறுதி.

எழுதும்போது நான்கைச் சேருங்கள்: ஃபான்ட்டின் பெயரும் பதிப்பும், சோதனைச் சொற்கள் நகலெடுக்கக்கூடிய எழுத்தாக (கொடி, கோயில், கௌரி, பெண், மூன்று, ஸ்ரீ, க்ஷ), உடைந்து தெரியும் ஸ்கிரீன்ஷாட், பிரவுசரில் சரியாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட், பக்கத்துப் பக்கத்தில். படம் மட்டும் அனுப்பினால் தமிழ் விசைப்பலகையே இல்லாத எஞ்சினியர் அதைச் சோதிக்க வழியில்லை. எது தப்பு என்பதும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தப்பான இடத்தை வட்டமிட்டு, "இந்தக் குறி மெய்யெழுத்துக்குப் பிறகு அடிக்கப்பட்டாலும் அதற்கு முன்னால் தெரிய வேண்டும்" என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

எங்கே அனுப்புவது

மென்பொருளுக்குள்ளேயே உள்ள கருத்து அனுப்பும் வழிதான் முதல் தேர்வு, பதிப்பு விவரம் பெரும்பாலும் அதனுடன் தானாகப் போகும். கிம்ப்புக்கு க்னோம் அமைப்பின் கிட்லேப், டார்க்டேபிளுக்கு கிட்ஹப் என்ற இணையதளங்களில் புகாரைப் பதியலாம். முறிந்ததும் தோன்றும் "அறிக்கை அனுப்பு" பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்துங்கள். ஒரே இடத்தில் முறிபவை ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படும், அந்த எண்ணிக்கை முன்னுரிமையை உயர்த்தும்.

பிளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பது கோபத்தைச் சொல்லும், கோளாறைச் சொல்லாது. அங்கே கோப்பு இணைக்க முடியாது, டெவலப்பர் பதில் எழுதவும் 350 எழுத்துகள்தான் அனுமதி. விவரமான புகாரை வேறு வழியில் அனுப்பிவிட்டு, அதன் எண்ணை விமர்சனத்தில் குறிப்பிட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். சரிசெய்துவிட்டார்கள் என்றால் நட்சத்திரத்தை மாற்றுவதே முறை.

வேகமும் முக்கியம். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் டெவலப்பர் விரும்பினால் அப்டேட்டை 7 நாளில் படிப்படியாக வெளியிடலாம்: தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்ற கணக்கில். நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியும். முதல் இரண்டு மூன்று நாளில் போய்ச் சேரும் தெளிவான புகார், மீதிப் பேருக்கு அந்த அப்டேட் போகாமலே தடுக்கலாம். கோப்பு அழியும் வகைக் கோளாறில் இதுவே எல்லாம். 2020 ஆகஸ்டில் ஐபோன், ஐபேட் லைட்ரூமின் 5.4 பதிப்பு, கிளவுடுக்குப் போய்ச் சேராத படங்களையும் ப்ரீசெட்களையும் (சேமித்து வைத்த எடிட் அமைப்புகள்) அழித்துவிட்டது. அடோபி 5.4.1 வெளியிட்டு மேற்கொண்டு அழியாமல் நிறுத்தியது, ஆனால் போனவற்றை மீட்க முடியவில்லை. படம் காணாமல் போனால் ஆப்பை நீக்காமல், போனை அப்படியே வைத்துவிட்டு, உடனே எழுதுங்கள். தலைப்பின் முதல் சொல்லே "டேட்டா இழப்பு" என்று இருக்கட்டும்.

பதிலைப் படிப்பது

"எங்களால் நிகழ்த்த முடியவில்லை" என்றால் உங்களை நம்பவில்லை என்று பொருளல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஏதோ ஒன்று அவர்களிடம் இல்லை. திரைப் பதிவு எடுத்து அனுப்புங்கள், முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் அதே கோப்பைச் சோதித்து அந்த முடிவையும் சொல்லுங்கள்.

"ஏற்கெனவே உள்ள புகாரின் நகல்" என்பது நல்ல செய்தி. மூல எண்ணுக்குப் போய் வாக்குப் போடுங்கள், உங்களிடம் புதிய தகவல் இருந்தால் மட்டும் எழுதுங்கள். "எனக்கும்" என்று ஐம்பது பேர் எழுதினால் பயனுள்ள ஒரு பதிவு அதற்கடியில் புதைந்துபோகும்.

"சரிசெய்யப்பட்டது" என்பது அவர்களின் நிரலில் சரியாகிவிட்டது என்று அர்த்தம், உங்கள் கையில் உள்ள பதிப்பில் அல்ல. எந்தப் பதிப்பில் வரும் என்று கேளுங்கள். டார்க்டேபிள் வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் என ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் தருகிறது. கிம்ப்பில் 2.10 வந்தது 2018, 3.0 வந்தது 2025 மார்ச்.

"பரிசீலிக்கிறோம்" என்பது வாக்குறுதி இல்லை. அதை நம்பி சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம்.

"வடிவமைப்பே அப்படித்தான்" என்ற பதில்தான் கடினமானது. அங்கே கோளாறு விவாதம் முடிந்து கொள்கை விவாதம் தொடங்குகிறது. எது அசைகிறது, எது அசையாது என்பதற்கு மூன்று நிகழ்வுகளைப் பாருங்கள். 2015 அக்டோபரில் லைட்ரூம் தன் இம்போர்ட் திரையை எளிமையாக்குவதாகச் சொல்லி மாற்றியது. படங்களை நகர்த்தும் வழி, முடிந்ததும் மெமரி கார்டை எஜெக்ட் செய்யும் வசதி எல்லாம் போயின, கூடவே முறிவுகளும் வந்தன. தொழில்முறைக் கலைஞர்கள் எந்த வேலை நின்றுபோனது என்று குறிப்பாக எழுதினார்கள். அடோபி வருத்தம் தெரிவித்து, நவம்பரில் பழைய திரையையே திருப்பித் தந்தது. 2018 அக்டோபரில் ஃபோட்டோஷாப், ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் (அளவை மாற்றும் கருவி) ஷிஃப்ட் விசையின் வேலையைத் தலைகீழாக்கியது. மாற்றம் நிலைத்தது, ஆனால் பழைய முறைக்குத் திரும்ப முதலில் ஓர் அமைப்புக் கோப்பு வழியும் பின்னர் ப்ரிஃபரன்சஸில் ஒரு பெட்டியும் கிடைத்தன. 2012இல் கிம்ப் 2.8, சேவ் என்றால் அதன் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று பிரித்தது. பல ஆண்டு எதிர்ப்புக்கும் அது மாறவில்லை. லேயர்களைத் தெரியாமல் இழப்பதைத் தடுப்பது அதன் நோக்கம், அந்த நோக்கத்தை மறுக்கும் வாதம் யாரிடமும் இல்லை.

ஆகவே எதிர்ப்பை எழுதும்போது பிடிக்கவில்லை என்று எழுதாமல், எந்த வேலை நின்றது, முன்பு எத்தனை சொடுக்கு, இப்போது எத்தனை, ஒரு திருமணத்தின் 2000 படத்துக்கு அது எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். பழையதை அப்படியே திரும்பக் கேட்பதைவிட ஒரு தேர்வுப் பெட்டி கேட்பது எளிதில் நடக்கும். அதுவும் அவர்களுக்கு இலவசமல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு நிலையிலும் சோதனை செய்ய வேண்டும். உரிமை, ஒப்பந்தம் சார்ந்தவற்றில் வாசகத்தையே சுட்டிக் கேளுங்கள். 2024 ஜூனில் அடோபியின் பயன்பாட்டு விதிகளில், பயனரின் உள்ளடக்கத்தைத் தானியங்கி வழியிலும் ஆட்கள் மூலமும் அணுகலாம் என்ற வரி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதே மாதத்திலேயே விதிகளைத் திருத்தி, அந்த உள்ளடக்கத்தைக் கொண்டு ஜெனரேட்டிவ் ஏஐக்குப் பயிற்சி தருவதில்லை என்பதையும் எழுத்தில் சேர்த்தார்கள்.

இவ்வளவு உழைப்பைப் போடும் முன் வெளியீட்டுக் குறிப்புகளில் கடைசி அப்டேட்டின் தேதியைப் பார்த்துவிடுங்கள். பிகாசா என்ற படத் தொகுப்பு மென்பொருளை கூகுள் 2016இல் நிறுத்தியது. நிக் கலெக்‌ஷனை (எடிட்டருக்கான கூடுதல் ஃபில்டர்களின் தொகுப்பு) 2016இல் இலவசமாக்கி, 2017இல் இனி அப்டேட் இல்லை என்று அறிவித்து, அதே ஆண்டில் டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்கு விற்றது. கைவிடப்பட்ட மென்பொருளுக்குப் புகார் எழுதுவதைவிட, எடிட் செய்தவற்றை டிஃப் (TIFF) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுத்து வைப்பதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

உயிரோடு இருக்கும் மென்பொருள் என்றால், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதே படிகளைச் செய்து பார்த்து, முடிவை அதே புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள். சரியாகிவிட்டாலும் எழுதுங்கள், அவர்களால் மூட முடியும். மூடிய பிறகு அதே கோளாறு திரும்பினால் புதிதாகத் தொடங்கி, பழைய எண்ணையும் கடைசியாகச் சரியாக ஓடிய பதிப்பு எண்ணையும் முதல் வரியிலேயே கொடுங்கள்.